ரிமோட் ஒருவர் கையில், ஓடிபி இன்னொருவர் கையில்: செட்-டாப் பாக்ஸ் வழியாக வாங்குவது எவ்வளவு பாதுகாப்பு?

ஊரில் இருக்கும் அப்பா அம்மா வீட்டு டிடிஹெச்-க்கு மாதா மாதம் ரீசார்ஜ் செய்வது நீங்கள்தான் என்றால், இந்தக் கேள்வி உங்களுக்குப் பழக்கமானதாகவே இருக்கும்: "முப்பது நாளைக்குத்தானே போட்டே, இருபத்தாறாம் நாளே ஏன் கட் ஆயிடுச்சு?"

ஆப்பைத் திறந்து பார்க்கிறீர்கள். பேக் விலை மாறவில்லை. ஆனால் கீழே நீங்கள் கேள்விப்படாத ஒரு சேவையின் பெயர், நாளுக்கு ஒன்றிரண்டு ரூபாய். அம்மாவிடம் கேட்டால், "நான் எதுவும் வாங்கலையே. டிவியில ஒரு நம்பர் ஓடிச்சு, மிஸ்டு கால் கொடுத்தா பழைய பாட்டெல்லாம் வரும்னு போட்டிருந்தான், கொடுத்தேன்" என்பார்.

அந்த மிஸ்டு கால்தான் கொள்முதல். அவர் எதையும் வாங்கியதாக நினைக்கவில்லை. உங்களுக்கு எந்த ஓடிபியும் வரவில்லை. ஆனால் பணம் உங்களுடையது.

டிவி வழியாக வாங்குவது பாதுகாப்பானதா என்று கேட்டால், பெரும்பாலும் ஹேக்கர்களைப் பற்றித்தான் பேச்சு போகும். அதுவும் உண்டு, பின்னால் வருகிறேன். ஆனால் இந்தியாவில் இதன் முதல் சிக்கல் வேறு. ஆன்லைன் பணத்துக்கு நாம் போட்டிருக்கும் பூட்டுகள் எல்லாம், உங்கள் வங்கியிலிருந்து பணம் வெளியேறும் வாசலில் இருக்கின்றன. பணம் செட்-டாப் பாக்ஸ் கணக்குக்குள் போன பிறகு, அங்கிருந்து செலவாகும் வாசலில் பூட்டு இல்லை. இருந்தாலும் அதை நீங்களே தேடிப் போட வேண்டும்.

பாக்ஸுக்கு உங்களைத் தெரியாது

வழக்கமான டிடிஹெச் பாக்ஸ் ஒருவழிப் பாதை. செயற்கைக்கோளிலிருந்து சிக்னல் கீழே வரும், உங்கள் மாடியில் இருக்கும் டிஷ் அதைப் பிடிக்கும். டிஷ் திரும்ப மேலே எதையும் அனுப்பாது. அதாவது நீங்கள் ரிமோட்டில் என்ன அழுத்தினாலும், இணைய இணைப்பு இல்லாத பாக்ஸிலிருந்து நிறுவனத்துக்கு எந்தச் செய்தியும் போகாது.

அப்போ ஆர்டர் எப்படிப் போகிறது? வேறு வழியில். பதிவு செய்த மொபைல் எண்ணிலிருந்து எஸ்எம்எஸ், மிஸ்டு கால், இல்லையென்றால் ஆப் அல்லது இணையதளம். நிறுவனம் அந்த எண்ணை வைத்து உங்கள் கணக்கைக் கண்டுபிடிக்கும். கணக்கில் உள்ள ஸ்மார்ட் கார்டு எண்ணுக்கு "இந்தச் சேனலைத் திற" என்ற கட்டளையைச் செயற்கைக்கோள் வழியாக அனுப்பும். அந்தக் கட்டளை லட்சக்கணக்கான பாக்ஸ்களுக்குப் போனாலும், அந்த ஒரு கார்டு மட்டும்தான் அதை ஏற்கும்.

தொழில்நுட்பமாகப் பார்த்தால் நல்ல, உறுதியான அமைப்பு இது. இதில் கார்டு எண் எங்கும் டைப் செய்யப்படுவதில்லை, திருடவும் முடியாது. ஆனால் ஒன்றைக் கவனியுங்கள்: இங்கே கையெழுத்து என்பது அந்த மொபைல் எண் மட்டும்தான். அந்த போன் யார் கையில் இருக்கிறதோ அவரே வாங்குபவர். பேரனிடம் இருந்தாலும் அப்படித்தான்.

கேபிளில் கதை கொஞ்சம் மாறும். அங்கே உங்கள் ஆபரேட்டர்தான் பல நேரம் ஆர்டர் போடுபவரும். போனில் சொன்னால் அவர் தன் கணினியில் பேக்கை மாற்றிவிடுவார். பழகிய மனிதர் என்பது ஒரு பாதுகாப்பு. எழுத்தில் எதுவும் இல்லை என்பது ஒரு பலவீனம்.

இரண்டு ரூபாய்தானே?

கணக்குப் போட்டுப் பார்ப்போம். நாளுக்கு 2 ரூபாய் என்று வைத்தால் ஆண்டுக்கு 730. அதன்மேல் 18 சதவீத ஜிஎஸ்டி சேர்த்தால் 861 ரூபாய். இப்படி மூன்று சேவைகள் ஓடினால் 2,584 ரூபாய். ஒரு ஓடிடி தளத்தின் ஆண்டுச் சந்தாவுக்கு மேலேயே போய்விடும்.

ட்ராய் வெளியிடும் காலாண்டு அறிக்கையின்படி, 2025 மார்ச் இறுதியில் நாட்டில் கட்டண டிடிஹெச் வைத்திருந்த வீடுகள் சுமார் 5.69 கோடி. 2020 இறுதியில் இது 7 கோடிக்கு மேல் இருந்தது. குறைந்துகொண்டே வந்தாலும் இது சின்ன எண் இல்லை. இதில் நூற்றுக்கு ஒரு வீட்டில் மட்டும் வேண்டாத 2 ரூபாய் சேவை ஒன்று ஓடுகிறது என்று ஒரு பேச்சுக்கு வைத்துக்கொண்டால், ஆண்டுக்கு சுமார் 41 கோடி ரூபாய், வரி தனி. உண்மையில் எத்தனை வீடுகள் என்பதை வெளியிடும் கடமை இன்று யாருக்கும் இல்லை. எனவே இது என் கற்பனைக் கணக்குதான். ஆனால் தொகை சிறியது என்பதால்தான் யாரும் புகார் செய்வதில்லை, புகார் இல்லாததால்தான் தரவும் இல்லை என்பது என் கணிப்பு.

இதே நோய் முன்பு மொபைலில் இருந்தது. காலர் ட்யூன், ஜோசியம், கிரிக்கெட் ஸ்கோர் என்று எதையாவது தொட்டால் பேலன்ஸ் போகும். நினைவிருக்கும். 2013 ஜூலையில் ட்ராய் ஒரு உத்தரவு போட்டது. மதிப்புக்கூட்டுச் சேவை எதையும் தொடங்க, வாடிக்கையாளரிடம் இரண்டு முறை சம்மதம் பெற வேண்டும். இரண்டாவது சம்மதம் தனியாகப் பெறப்பட வேண்டும். நிறுத்துவதற்கு 155223 என்ற ஒரே இலவச எண். மொபைல் பேலன்ஸுக்கு அன்று கிடைத்த அந்த இரண்டாவது கேள்வி, டிவி பேலன்ஸுக்கும் வேண்டும்.

டிவி பக்கம் ஒன்றுமே நடக்கவில்லை என்று சொல்ல முடியாது. நிறுவனங்கள் தாங்களே நடத்தும் சமையல், பக்தி, பாட்டு, பாடம் போன்ற சேனல்களை அரசு 'பிளாட்ஃபார்ம் சர்வீஸ்' என்று தனியாக வகைப்படுத்தியிருக்கிறது. டிடிஹெச்-க்கு 2020 டிசம்பரிலும், கேபிள் நிறுவனங்களுக்கு 2022 நவம்பரிலும் விதிகள் வந்தன. மொத்தச் சேனல் திறனில் 5 சதவீதத்துக்கு மேல் இவை இருக்கக் கூடாது. வாடிக்கையாளர் இவற்றைத் தொடங்கவும் நிறுத்தவும் வழி இருக்க வேண்டும். நல்ல விதிதான். ஆனால் நிறுத்தும் வழி எங்கே இருக்கிறது என்று 65 வயதுக்காரர் கண்டுபிடிக்கிறாரா என்பது வேறு விஷயம்.

ஓடிபி ஏன் வரவில்லை?

இந்தியாவில் ஆன்லைன் கார்டு பணம் செலுத்துவது பல நாடுகளைவிடக் கறாரானது. 2009 ஆகஸ்ட் 1 முதல், கார்டில் அச்சிட்ட விவரங்கள் மட்டும் போதாது, கூடுதலாக ஒரு சரிபார்ப்பு வேண்டும் என்று ரிசர்வ் வங்கி கட்டாயமாக்கியது. நாம் இன்று ஓடிபி என்று பழகியிருப்பது அதன் தொடர்ச்சிதான். 2022 அக்டோபர் 1 முதல் கடைகளும் ஆப்களும் உங்கள் கார்டு எண்ணைத் தங்களிடம் வைத்துக்கொள்ளக் கூடாது. அதற்குப் பதில் ஒரு டோக்கன்தான். ஒரு கடையில் இருந்து அந்த டோக்கன் திருடு போனாலும் இன்னொரு கடையில் அது செல்லாது.

இவ்வளவு இருந்தும் அம்மாவின் மிஸ்டு காலுக்கு ஏன் ஓடிபி வரவில்லை? ஏனென்றால் ரிசர்வ் வங்கியின் பார்வையில் அங்கே பணப் பரிமாற்றமே நடக்கவில்லை. நீங்கள் 500 ரூபாய் ரீசார்ஜ் செய்தபோது பரிமாற்றம் நடந்தது. யூபிஐ பின் போட்டீர்கள், முடிந்தது. அதன்பின் அந்த 500 ரூபாய், நிறுவனத்தின் புத்தகத்தில் உங்கள் பெயருக்கு எதிரே இருக்கும் ஒரு எண். ஒரு நிறுவனம் தன் சொந்தப் பொருளுக்கும் சேவைக்கும் மட்டும் பயன்படும்படி வாங்கி வைக்கும் முன்பணத்தை ரிசர்வ் வங்கி 'மூடிய முறை' என்று அழைக்கிறது. அதை நடத்த வங்கியின் அனுமதி தேவையில்லை, அதனால் கூடுதல் சரிபார்ப்பும் தேவையில்லை.

ஆக, 500 ரூபாயை உள்ளே போட ஒரு பூட்டு, அதே 500 ரூபாயை உள்ளிருந்து செலவழிக்க ஒரு மிஸ்டு கால். இதில் சட்டமீறல் எதுவும் இல்லை. ரிசர்வ் வங்கியின் எல்லை முடியும் இடத்துக்கும் ட்ராய் எல்லை தொடங்கும் இடத்துக்கும் நடுவில் உள்ள சந்து இது.

இப்போதைக்கு நீங்கள் செய்யக்கூடியது ஒன்று. பெற்றோர் வீட்டுக் கணக்கில் பதிவான எண்ணாக உங்கள் எண்ணை மாற்றிவிடலாம். ஆர்டர் உங்கள் எண்ணிலிருந்து மட்டும்தான் போகும், கழிக்கப்படும் செய்தியும் உங்களுக்கே வரும். ஆனால் அதற்கு ஒரு விலை உண்டு: அப்பாவுக்கு ஒரு சேனல் வேண்டுமென்றால்கூட உங்களைத்தான் கேட்க வேண்டும். சில வீடுகளில் அது பாதுகாப்பு, சில வீடுகளில் அது அவமானம். வீட்டைப் பார்த்து முடிவு செய்யுங்கள்.

ஆயிரம் ரூபாய்ப் படம்

பாதுகாப்பு ஒரு பக்கம். வாங்கியது கைக்கு வருமா என்பது இன்னொரு பக்கம். இதற்குத் தமிழ்நாட்டிலேயே ஒரு பெரிய உதாரணம் இருக்கிறது. 2013 ஜனவரியில் கமல்ஹாசன் தன் 'விஸ்வரூபம்' படத்தைத் தியேட்டருக்கு ஒரு நாள் முன்னதாக, ஜனவரி 10 இரவு, டிடிஹெச்-இல் வெளியிடப் போவதாக அறிவித்தார். விலை 1,000 ரூபாய். அன்றைக்கு அது டிவியில் ஒரு படத்துக்குக் கேள்விப்படாத விலை. மக்கள் முன்பதிவும் செய்தார்கள்.

தியேட்டர் உரிமையாளர்கள் எதிர்த்தார்கள், தேதி தள்ளிப்போனது. அப்புறம் தமிழ்நாட்டில் படத்துக்கே தடை, வழக்கு என்று போய், இங்கே பிப்ரவரி 7 அன்றுதான் தியேட்டருக்கு வந்தது. அறிவித்த அந்த ஜனவரி 10 டிடிஹெச் காட்சி நடக்கவில்லை.

அந்தத் திட்டத்தை வியாபார ரீதியாக முன்னோடி என்று இன்றும் பலர் பாராட்டுகிறார்கள், நியாயம்தான். வாங்குபவர் பக்கமிருந்து பார்த்தால் அதில் வேறொரு பாடம் இருக்கிறது. பாக்ஸ் வழியாக வாங்கும்போது பொருள் ஒரு தேதியில் கிடைக்கும் அனுமதி மட்டுமே. அது தள்ளிப்போனால், அல்லது அந்த இரவு மழை பெய்து சிக்னல் போனால், பணம் ரொக்கமாகத் திரும்புமா, பேலன்ஸில் வரவாகுமா என்பதை வாங்கும் முன்பே பார்த்துக்கொள்ள வேண்டும். பேலன்ஸில் வரவு என்றால் அது மறுபடியும் அதே மூடிய பெட்டிக்குள்தான்.

டிவியில் காட்டும் மிக்ஸி, பாத்திரம், நகை விற்பனைக்கும் இது பொருந்தும். திரையில் பார்த்து போனில் ஆர்டர் செய்யும் இந்த வியாபாரத்தில் முன்பணம் கேட்டால் தவிர்ப்பதே நல்லது. பொருள் வந்த பிறகு பணம் என்றால், பெட்டியைப் பிரிக்கும்போது போனில் வீடியோ எடுத்துக்கொள்ளுங்கள்.

இணையத்தோடு பேசும் பாக்ஸ்

2019-க்குப் பிறகு வந்த ஆண்ட்ராய்டு வகை பாக்ஸ்கள் கிட்டத்தட்ட ஒரு போன்தான். இதில் ஒருவழிப் பாதை கிடையாது. ரிமோட்டில் ஓகே அழுத்தினாலே ஆர்டர் போய்விடும். கடை ஒன்றல்ல, பல: டிடிஹெச் நிறுவனத்தின் கணக்கு ஒன்று, கூகுள் கணக்கு ஒன்று, ஒவ்வொரு ஓடிடி ஆப்பின் கணக்கும் தனி.

இதில் சிக்கல் எங்கே வருகிறதென்றால், பாக்ஸை அமைக்கும் நாளில். ஊருக்குப் போன அன்று அவசரத்தில் உங்கள் சொந்த கூகுள் கணக்கைப் போட்டு உள்ளே நுழைந்து, "இந்தாங்கம்மா, ரெடி" என்று ரிமோட்டைக் கொடுத்துவிட்டு பெங்களூருக்கு பஸ் ஏறிவிடுகிறீர்கள். உங்கள் போனில் ஆப் வாங்குவதற்காகச் சேமித்த கார்டோ யூபிஐயோ இப்போது அந்த ஹாலில் இருக்கும் டிவியிலும் இருக்கிறது. விடுமுறைக்கு வரும் அக்கா பிள்ளைகளுக்கு விளையாட்டுக்குள் நாணயம் வாங்கும் பொத்தான் எங்கே இருக்கிறது என்று நமக்கு முன்பே தெரியும்.

கூகுள் பிளே ஸ்டோரின் அமைப்புகளில், ஒவ்வொரு முறை வாங்கும்போதும் சரிபார்ப்பு கேட்கச் சொல்லலாம். அமேசான் பெட்டிகளில் வாங்குவதற்கு பின் கேட்கும் வசதி உண்டு. டிடிஹெச் பாக்ஸிலும் பின் இருக்கும், ஆனால் பல பாக்ஸ்களில் அது கம்பெனியிலிருந்து வந்த 0000 அல்லது 1234-ஆகவே கிடக்கும். மாற்றுங்கள். இதைவிடச் சுலபமான வழி, அந்த டிவிக்கென்று புதிதாக ஒரு கூகுள் கணக்கு தொடங்கி, அதில் எந்தப் பணம் செலுத்தும் வழியையும் சேர்க்காமல் விடுவது. வாங்கவேண்டியது வந்தால் உங்கள் போனில் வாங்கிக்கொள்ளலாம்.

தானாகக் கழியும் சந்தாக்களுக்கு 2021 அக்டோபர் 1 முதல் ரிசர்வ் வங்கியின் விதி ஒன்று நடைமுறையில் இருக்கிறது. முதல் முறை ஓடிபி வேண்டும். அடுத்தடுத்துக் கழிக்கும் முன் குறைந்தது 24 மணி நேரத்துக்கு முன்னால் வங்கி உங்களுக்குச் செய்தி அனுப்ப வேண்டும். அதில் வேண்டாம் என்று சொல்லவும் வழி இருக்க வேண்டும். ஓடிபி இல்லாமல் கழிக்கக்கூடிய வரம்பு முதலில் 5,000 ரூபாயாக இருந்தது, 2022 ஜூனில் 15,000 ஆனது. ஓடிடி சந்தா எதுவும் 15,000-ஐத் தொடாது என்பதால், நடைமுறையில் அந்த 24 மணி நேரச் செய்திதான் உங்களுக்கு இருக்கும் ஒரே தடுப்பு. அதையும் விளம்பர எஸ்எம்எஸ் என்று நினைத்துத் தள்ளிவிட்டால் அவ்வளவுதான்.

ஒன்றைப் பாராட்ட வேண்டும். டிவி திரையில் க்யூஆர் கோடு காட்டி, போனில் ஸ்கேன் செய்து, பின்னை போனிலேயே போடும் முறை. டிவி விலைப் பட்டியல் மட்டும்தான். கல்லாப்பெட்டி உங்கள் பையில். ரிமோட்டில் ஒவ்வொரு எழுத்தாகத் தேடி கார்டு எண் டைப் செய்யும் கொடுமையும் இல்லை, பின்னால் உட்கார்ந்து பார்ப்பவருக்கு எதுவும் தெரிவதும் இல்லை. டிவியில் வாங்கத்தான் வேண்டுமென்றால் இந்த வழியைத் தேர்ந்தெடுங்கள். ஸ்கேன் செய்ததும் போனில் வரும் பெயரும் தொகையும் திரையில் உள்ளதோடு பொருந்துகிறதா என்று மட்டும் பாருங்கள்.

இன்னொரு வலை, ஆக்டிவேஷன் கோடு. டிவியில் ஒரு குறியீடு தெரியும், இன்ன முகவரிக்குப் போய் அதைப் போடு என்று சொல்லும். பலர் முகவரியை அப்படியே டைப் செய்யாமல் தேடுபொறியில் தேடுவார்கள். மேலே வரும் விளம்பரம் போலித் தளமாக இருக்கலாம். "உங்கள் பாக்ஸில் கோளாறு, இந்த எண்ணுக்கு அழையுங்கள்" என்று வரும். அழைத்தால், ஒரு ஆப்பை இறக்கச் சொல்லி உங்கள் போன் திரையையே பார்ப்பார்கள். எனிடெஸ்க் போன்ற ஆப்கள் வழியாக இப்படிப் பணம் போவதைப் பற்றி ரிசர்வ் வங்கி 2019 பிப்ரவரியிலேயே வங்கிகளை எச்சரித்தது. டிடிஹெச் வாடிக்கையாளர் சேவை எண்ணை கூகுளில் தேடாதீர்கள். பாக்ஸின் திரையிலேயே, உதவிப் பகுதியில் இருக்கும்.

பெயரில்லாத பாக்ஸ்

ஹேக்கர்கள் கதை இங்கேதான் வருகிறது. சில ஆயிரம் ரூபாயில், "எல்லா ஓடிடியும் இலவசம்" என்று விற்கப்படும், கம்பெனி பெயர் தெரியாத ஆண்ட்ராய்டு பாக்ஸ்கள்.

2023 ஜனவரியில் ஒரு கனடியர், தான் ஆன்லைனில் வாங்கிய டி95 என்ற மலிவு பாக்ஸ், பிளக்கில் மாட்டியதும் யாருடனோ பேச ஆரம்பிப்பதைக் கண்டுபிடித்தார். தீங்குநிரல் பிற்பாடு நுழைந்ததல்ல, வாங்கும்போதே உள்ளே இருந்தது. அந்த ஆண்டே ஹ்யூமன் செக்யூரிட்டி என்ற நிறுவனம் இதன் வலைப்பின்னலை ஆராய்ந்து 'பேட்பாக்ஸ்' என்று பெயர் வைத்தது. 2024 செப்டம்பரில் டாக்டர் வெப் என்ற ரஷ்ய நிறுவனம், 'வாய்ட்' என்ற வேறொரு தீங்குநிரல் 197 நாடுகளில் சுமார் 13 லட்சம் டிவி பாக்ஸ்களில் இருப்பதாகச் சொன்னது. 2025 பிப்ரவரியில் எக்ஸ்லேப் என்ற சீன ஆய்வுக்குழு அதே வாய்டைக் கவனித்தபோது, இந்தியாவில் பாதிக்கப்பட்ட பாக்ஸ்களின் எண்ணிக்கை சில நாட்களில் சுமார் 3,900-இலிருந்து 2 லட்சத்துக்கு மேல் தாவியதைப் பதிவு செய்தது. 2025 ஜூனில் அமெரிக்காவின் எஃப்பிஐ பொதுமக்களுக்கு எச்சரிக்கை விட்டது, ஜூலையில் கூகுள் நீதிமன்றம் போனது.

இந்த பாக்ஸ்கள் உங்கள் கார்டைத் திருடுவதையே முதல் வேலையாக வைத்திருக்கவில்லை. யாருக்கும் தெரியாமல் விளம்பரங்களை க்ளிக் செய்வது, உங்கள் வீட்டு இணைய முகவரியை வெளியாருக்கு வாடகைக்கு விடுவது, இவைதான் அதன் தொழில். அதாவது வேறு யாரோ ஒருவருடைய கணக்கை உடைக்க முயலும் ஆள், உங்கள் வீட்டு பிராட்பேண்ட் முகவரியில் இருந்து வருவது போல் தெரியும். போலீஸ் முதலில் வந்து கேட்கப்போவது யாரை என்று யோசித்துக்கொள்ளுங்கள்.

அந்த பாக்ஸின் உள்ளமைப்பே அவர்கள் கையில் என்பதால், அதில் போடும் எந்தப் பாஸ்வேர்டும் உங்களுடையது அல்ல. பிளே ஸ்டோர் அமைப்புகளில் 'பிளே ப்ரொடெக்ட்' சான்று இருக்கிறதா என்று பார்க்கலாம். சான்று இல்லை என்று காட்டினால் ரீசெட் செய்து பயனில்லை, கழற்றி வைப்பதுதான் வழி. ஆன்லைன் சந்தையில் நான்கு நட்சத்திரம் வாங்கியிருந்தாலும் சரி.

டிவியே பணம் கட்டினால்?

2025 அக்டோபரில் மும்பையில் நடந்த குளோபல் ஃபின்டெக் ஃபெஸ்ட்டில், கார், கைக்கடிகாரம், ஸ்மார்ட் டிவி போன்ற சாதனங்களே யூபிஐ வழியாகப் பணம் செலுத்தும் முறை அறிமுகமானது. போனை எடுக்கவே வேண்டாம். இதுவரை நான் சொன்ன நல்ல வழி, அதாவது டிவி ஒருபுறம் போன் ஒருபுறம் என்ற பிரிவு, இதில் மறைகிறது.

இதன் அடித்தளம் 2024 ஆகஸ்டில் வந்த யூபிஐ சர்க்கிள். ஒருவர் தன் கணக்கிலிருந்து செலவழிக்க இன்னொருவருக்கு அனுமதி தருவது. இதில் இரண்டு வகை. முழு அனுமதி என்றால் மாதம் 15,000 ரூபாய் வரை, ஒரு முறைக்கு 5,000 வரை, அவர் உங்களைக் கேட்காமலே செலவழிக்கலாம். பகுதி அனுமதி என்றால் அவர் தொடங்குவார், உங்கள் போனுக்குக் கோரிக்கை வரும், நீங்கள் பின் போட்டால்தான் பணம் போகும்.

டிவிக்குப் பொருத்தமானது இந்தப் பகுதி அனுமதிதான் என்று நினைக்கிறேன். அம்மா ரிமோட்டில் படத்தைத் தேர்ந்தெடுக்கிறார், பெங்களூரில் உங்கள் போன் ஒலிக்கிறது, என்ன படம் எவ்வளவு என்று பார்த்து நீங்கள் சம்மதிக்கிறீர்கள். முழு அனுமதியை ஒரு மனிதருக்குத் தருவது வேறு, ஹாலில் எல்லோரும் தொடும் ஒரு சாதனத்துக்குத் தருவது வேறு. ஆனால் விளம்பரங்கள் "ஒரே க்ளிக்" என்பதைத்தான் விற்கும்.

ரிசர்வ் வங்கி 2025 செப்டம்பர் 25 அன்று புதிய சரிபார்ப்பு விதிகளை வெளியிட்டது, நடைமுறைத் தேதி 2026 ஏப்ரல் 1. இரண்டு வகைச் சரிபார்ப்பு வேண்டும், அதில் ஒன்று அந்தப் பரிமாற்றத்துக்கென்றே புதிதாக உருவாவதாக இருக்க வேண்டும். எஸ்எம்எஸ் ஓடிபிதான் என்று கட்டாயமில்லை. வங்கி இந்த விதியை மீறியதால் உங்களுக்கு நஷ்டம் என்றால், முழு இழப்பையும் வங்கியே ஈடுசெய்ய வேண்டும். இந்தக் கடைசிப் பகுதி முக்கியமானது. ஆனால் மூடிய பேலன்ஸ் இன்னமும் இதற்கு வெளியேதான் நிற்கிறது.

பணம் போய்விட்டால் எந்தக் கதவு?

முதலில், பணம் எந்த வாசலில் போனது என்று பிரித்துப் பாருங்கள். புகார் தப்பான கதவுக்குப் போனால் நாட்கள் வீணாகும்.

வங்கிக் கணக்கிலிருந்தோ கார்டிலிருந்தோ வெளியார் எடுத்திருந்தால், உடனே வங்கி, கூடவே 1930. ரிசர்வ் வங்கியின் 2017 ஜூலை 6 சுற்றறிக்கைப்படி, தவறு உங்களுடையதும் இல்லை வங்கியுடையதும் இல்லை என்றால், வங்கியின் தகவல் கிடைத்த மூன்று வேலை நாட்களுக்குள் சொன்னால் உங்களுக்குப் பொறுப்பு பூஜ்யம். நான்கிலிருந்து ஏழு நாள் என்றால் ஒரு வரம்பு வரை நீங்களும் சுமக்க வேண்டும். தவறு உங்களுடையது என்று நிரூபிக்க வேண்டியது வங்கிதான்.

வீட்டுக் குழந்தை அழுத்தியது என்றால் இந்தச் சுற்றறிக்கை பெரிதாக உதவாது. வங்கிக்கு அது உங்கள் அனுமதியோடு நடந்த செலவு. அப்போது அந்தக் கடையின் விதிதான். கூகுள் பிளே என்றால் 48 மணி நேரத்துக்குள் பணம் திரும்பக் கேட்பது எளிது. நீங்களோ உங்கள் வீட்டாரோ செய்யாத பரிமாற்றம் என்றால் 120 நாட்கள் வரை அவர்களிடம் புகார் செய்யலாம்.

டிடிஹெச் அல்லது கேபிள் பேலன்ஸிலிருந்து போயிருந்தால், நிறுவனத்திடம் எழுத்தில் கேளுங்கள்: எந்த நாள், எத்தனை மணிக்கு, எந்த எண்ணிலிருந்து, எந்த வழியில் இந்தச் சேவைக்குச் சம்மதம் பதிவானது? 2020-ஆம் ஆண்டின் மின்வணிக விதிகள், வாங்குபவர் தெளிவாகச் செய்த ஒரு செயலால் மட்டுமே சம்மதம் பதிவாக வேண்டும், முன்பே டிக் செய்த கட்டங்கள் செல்லாது என்கின்றன. 2023 நவம்பரில் வந்த 'டார்க் பேட்டர்ன்' வழிகாட்டுதல்கள், எளிதாகச் சேரவும் சிரமப்பட்டு வெளியேறவும் வைக்கும் சந்தா வலையைத் தடைசெய்யப்பட்ட 13 முறைகளில் ஒன்றாகப் பட்டியலிடுகின்றன. புகார் கடிதத்தில் இந்த இரண்டையும் பெயர் சொல்லிக் குறிப்பிடுங்கள். கஸ்டமர் கேர் பதில் திருப்தி இல்லையென்றால் அடுத்து நிறுவனத்தின் நோடல் அதிகாரி, பிறகு தேசிய நுகர்வோர் உதவி எண் 1915.

அதற்கும் மேலே மாவட்ட நுகர்வோர் ஆணையம். தொலைத்தொடர்புப் புகாரை அங்கே எடுத்துச் செல்ல முடியாது என்ற வாதத்தை 2022 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றம் ஒரு மொபைல் நிறுவன வழக்கில் ஏற்கவில்லை. 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் 'வாங்குவது' என்பதற்குள் டெலிஷாப்பிங்கையும் பெயர் சொல்லியே சேர்த்திருக்கிறது. மதிப்பு 5 லட்சம் ரூபாய் வரை கட்டணம் கிடையாது, ஆன்லைனிலேயே தாக்கல் செய்யலாம். நிறுவனத்தின் தலைமையகம் மும்பையிலோ டெல்லியிலோ இருந்தாலும், புகார்தாரர் வசிக்கும் அல்லது வேலை பார்க்கும் ஊரிலேயே வழக்கு போடலாம். கணக்கு அப்பா பெயரில் இருந்தால் புகாரும் அவர் பெயரில்தான் போக வேண்டும். அவர் கையெழுத்தோடு ஸ்மார்ட் கார்டு எண்ணும், கடந்த ஆறு மாதக் கழிவு விவரத்தின் ஸ்கிரீன்ஷாட்டும் சேர்த்து வையுங்கள்.